அம்மாவோட வருஷம் முழுக்க நடக்கணும்னா

மொதல்ல ஒரே எடத்த ஃபிக்ஸ் பண்ணுங்க, வீட்டுக்கு பக்கத்துல இருக்குற ஏரிக்கரையே போதும், ஏன்னா அதே மரத்த மாசா மாசம் பாத்தாதான் சீசன் மாறுறது கண்ணுக்கு தெரியும். நானும் அம்மாவும் அப்படித்தான் நடக்குறோம், அவங்களுக்கு முட்டி வலி, அதனால அரை மணி நேரம், நடுவுல உக்கார ஒரு திண்டு, அவங்க வேகம்தான் என் வேகம்.

பங்குனில புங்க மரம் பளபளன்னு புது எல விடும், சித்திரைல வேப்பம்பூவும் சரக்கொன்றையும், அப்ப காலைல ஆறு மணிக்கே கெளம்பிடுங்க, ஏழரைக்கு மேல வெயில் தாங்காது. கீழ உதிர்ந்த வேப்பம்பூவ அம்மா முந்தானைல அள்ளிப்பாங்க, ரசத்துக்கு. ஆடில காத்து, கண்ணுல மண்ணு விழும், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள மட்டும் விட்டுடாதீங்க, ஈர மண்ணுல செக்கச்செவேல்னு வெல்வெட் மாதிரி பட்டுப்பூச்சி ஊரும், ஆனா கரை வழுக்கும், ரப்பர் செருப்பு வேணாம், கிரிப் இருக்குற ஷூ போட்டுட்டு கைய புடிச்சுக்கோங்க.

மார்கழி, தைல ஒரு நாள் வேடந்தாங்கல் போங்க, நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நல்ல சீசன், தண்ணிக்குள்ள நிக்குற மரத்துல கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாம் கூடு கட்டிருக்கும். பைனாகுலர மொதல்ல அவங்க கைல குடுங்க, எங்கம்மா குஞ்சுக்கு தாய் ஊட்டுறத பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

ஃபோன பாக்கெட்லயே வச்சிருங்க, அவங்க சின்ன வயசுல கூப்பிட்ட பறவை பேரெல்லாம் அப்பதான் வெளில வரும், வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க.