கோலாலம்பூரில் வீடு பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அந்த ஏரியாவில் யார் அதிகம்?" கோலாலம்பூரில் வாடகை வீடு தேடுகிறவர்கள் தரகரிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த நாமும் கேட்கிறோம். சீனர் அதிகம் என்றால் பயமில்லை, இந்தியர் அதிகம் என்றால் அடிதடி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் அந்தப் பக்கமே போகாதே என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இந்தக் கணக்கை நம்பி வீடு பிடிப்பதுதான் பெரிய தவறு. இதே கணக்கைப் போட்டுத்தான் "இந்தியருக்கு இல்லை" என்று வாடகை விளம்பரம் கொடுக்கிறார்கள். அதைப் படிக்கும்போது நமக்கு வயிறு எரிகிறதே, பிறகு நேப்பாளியையும் வங்காளதேசியையும் நாம் மட்டும் எப்படி அந்தக் கோலால் அளப்பது?

செந்தூலை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே பட்டறையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் வளர்த்த ஊர். குண்டர் கும்பல் என்ற பேச்சும் அதன் பெயரோடு ரொம்ப நாளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கே ராத்திரி பதினோரு மணிக்கும் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக் கடையில் விளக்கு எரியும், நாலு பேர் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் குடித்துக்கொண்டு பந்தாட்டம் பார்ப்பார்கள், அடுக்குமாடியின் கீழே ஒரு பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த வழியாகத் தனியாக நடந்து வர எனக்குப் பயமில்லை. பெரிய பங்களாக்கள் வரிசையாக நிற்கும் மேட்டுக்குடித் தாமான் (குடியிருப்புப் பகுதி) சிலவற்றில் எட்டு மணிக்கு மேல் ஈ காக்கை இருக்காது. கூப்பிட்டால் ஓடிவர ஆளில்லாத அந்தச் சாலையில்தான் எனக்கு நடை வேகமாகிறது.

அடுத்த தவறு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு தடவை காரில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது. இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு இன்னொரு அரை மாதம் என்று கை நிறையப் பணம் போகிற காரியம் இது. வேலை நாளில் ராத்திரி பத்து மணிக்கு எல்ஆர்டி என்ற நகர ரயில் நிலையத்திலிருந்து அந்த வீடு வரைக்கும் நடந்து பாருங்கள். விளக்கு எங்கே விட்டுப்போகிறது, சாக்கடை மூடி எங்கே காணாமல் போயிருக்கிறது, நடைபாதை எந்த இடத்தில் திடீரென்று முடிகிறது என்பதெல்லாம் காலுக்குத்தான் தெரியும். இந்த ஊர் வழிப்பறி பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருகிறது. அதனால் எதிரே வண்டி வருவது தெரிகிற பக்கமாக நடங்கள், பையைச் சாலைப் பக்கம் இல்லாத தோளில் மாட்டுங்கள். கைப்பேசியில் கூப்பிடும் கிராப் வாடகை வண்டிக்குக் காத்திருக்கும்போது கைப்பேசியோடு சாலை ஓரத்தில் நிற்காமல் கடைக்குள் நில்லுங்கள். மீறிப் பறித்தால் பையை விட்டுவிடுங்கள். இழுபறியில் விழுந்து தலையில் அடிபட்டு உயிரை விட்ட பெண்கள் இங்கே இருக்கிறார்கள்.

என் சித்தி மகனுக்கு வீடு பார்க்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். தரைவீடு, மூன்று அறை, வாடகை அந்த வட்டாரத்துக்கு ரொம்பக் குறைவு. அவன் உடனே சரி என்றுவிட்டான். இரும்புக் கேட்டில் பெயின்ட் புதிதாகப் பளபளத்தது. நான் அதைத் தள்ளித் திறந்தபோது கீல் மடிப்புக்குள் கெட்டியாகச் சிவப்புச் சாயம் காய்ந்து கிடந்தது. தரையோடு ஒட்டிய சுவரிலும் கழுவியும் போகாத சிவப்புத் தெறிப்பு. எதிர்வீட்டுச் சீன ஆன்டியிடம் கேட்டோம். முன்பு குடியிருந்தவர் ஆலோங் என்ற சட்டவிரோத வட்டிக்காரரிடம் கடன் வாங்கிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டாராம். வட்டி முதலைகள் அனுப்பும் ஆட்களுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது ஒரு பொருட்டில்லை; விலாசத்தைத் தேடித்தான் சாய வாளியோடு வருவார்கள். தரகர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆன்டியிடம் பேசிய ஐந்து நிமிடம் அவனைக் காப்பாற்றியது.

வாசலில் ஜாகா (காவலாளி) இருக்கிறார், தடுப்புக் கம்பு இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். சாலையும் சுற்றுச்சுவரும் குடியிருப்பாளர்களுக்கே சொந்தமான இடம் ஒரு வகை. பொதுச்சாலையில் குடியிருப்பாளர் சங்கம் பணம் போட்டு ஜாகா வைத்திருப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் சாலை எல்லோருக்கும் பொது என்பதால், உள்ளே வருகிறவரை ஜாகா தடுத்து நிறுத்த முடியாது. எந்த வகை என்று கேளுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு யாராவது ரோந்து போகிறார்களா என்றும் கேளுங்கள்.

வெள்ளத்தையும் மறந்துவிடக் கூடாது. 2007-இல் வெள்ள நீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் திறந்த பிறகும், ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் தண்ணீர் ஏறும் சாலைகள் நகரில் உண்டு. கடைச் சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால், அடித்தள வாகன நிறுத்துமிடம் உள்ள கொண்டோ அடுக்குமாடியை எடுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

குடிவந்த பிறகு பலர் செய்யும் தவறு, அக்கம்பக்கத்தின் வழக்கங்களைத் தொந்தரவாக எடுத்துக்கொள்வது. ஏழாம் சந்திர மாதத்தில் சீனர்கள் சாலையோரம் காகிதம் எரித்து, ஊதுவத்தியும் பழமும் வைப்பார்கள். அது இறந்தவர்களுக்கான படையல். குப்பை என்று காலால் தள்ளிவிட்டு வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் போன பக்கத்து வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் மசூதிப் பக்கம் இரண்டு வரிசையாகக் கார் நிற்கும், ஒரு மணி நேரத்தில் போய்விடும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை எந்தக் கிழமை என்று தெரிந்துகொண்டால் அன்றைக்குக் காரை வேறு தெருவில் போட்டுவிடலாம். நம் வீட்டு உருமி மேளத்தையும் அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

முதல் வாரமே இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய் பாக் சிக், மக் சிக் (மலாயில் மாமா, அத்தை மாதிரி), ஆன்டி என்று முறை வைத்துப் பேசி, கைப்பேசி எண் கொடுத்துவிட்டு வாருங்கள். அவசர எண் 999-ஐ நீங்கள் அழைக்கலாம்தான். நீங்கள் ஊரில் இல்லாத ராத்திரி உங்கள் கேட் திறந்து கிடப்பதைப் பார்ப்பது அந்த மக் சிக்தான், முதலில் அவர் உங்களைக் கூப்பிட வேண்டுமே.