கடைக் குட்டியின் தாய் எங்கே? நாய்க்குட்டி வாங்குமுன் செய்ய வேண்டியவை

என் முதல் நாய்க்குட்டியை ஒரு கடையின் கண்ணாடிக் கூண்டிலிருந்து வாங்கி வந்தேன். வாங்கிய அன்று அது துள்ளி ஓடி, என் செருப்பு வாரைக் கடித்து இழுத்தது. நான்காம் நாள் உணவைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் இரத்தம் கலந்து பேதியாயிற்று. ஏழாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனது. நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் என்றார் கால்நடை மருத்துவர். அந்த வைரஸ் உடலில் புகுந்த பின் நோய் வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்கள் ஆகும் என்பதால், குட்டி கடையிலோ அதற்கு முந்தைய பயணத்திலோ தொற்றைப் பெற்றிருக்கக்கூடும் என்றும் விளக்கினார். "இதன் தாயைப் பார்த்தீர்களா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த இரண்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றை, முதன்முறையாக நாய் வளர்க்க விரும்புவோருக்காக வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். தீனித் தட்டு, படுக்கை, கழுத்துப்பட்டை போன்றவை எளிதில் தெரிந்துகொள்ளக்கூடியவை என்பதால் அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

குட்டி கடைக்கு வந்து சேரும் வழி

கடைக்காரர்கள் தாமே நாய்களை வளர்த்துக் குட்டி எடுப்பது அரிது. குட்டிகள் பெரும்பாலும் தரகர் வழியாகவே வருகின்றன. தரகர் பல இடங்களிலிருந்து அவற்றைச் சேகரித்து, ஒரே வண்டியில் ஏற்றி, பல கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அவற்றின் பிறப்பிடம் பல நேரங்களில் விற்பனைக்காக மட்டுமே நடத்தப்படும் இனப்பெருக்கப் பண்ணையாக இருக்கிறது. அங்கே பெண் நாய் ஏறத்தாழ 6 மாதத்திற்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்க்கப்படுகிறது. 63 நாட்கள் சுமந்து ஈன்று, பால் வற்றி உடல் தேறுவதற்குள் அடுத்த ஈற்றுக்குத் தள்ளப்படுகிறது. குட்டி சிறியதாக இருந்தால் விரைவில் விலைபோகும் என்பதால், எட்டு வாரம் நிறைவதற்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கும் வழக்கமும் உண்டு.

இதனால் வரும் கேடு நோயோடு முடிவதில்லை. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில்தான் ஒரு குட்டி மனிதர்களையும் பிற நாய்களையும் வீட்டு ஓசைகளையும் அச்சமின்றி ஏற்கப் பழகுகிறது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியைக் கூண்டில் கழித்த குட்டி, பின்னாளில் விருந்தினரைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும் நாயாகலாம். தான் படுக்கும் இடத்திலேயே மலம் கழிக்க வேண்டிய கட்டாயத்தில் வளர்ந்த குட்டிக்கு, வெளியே சென்று கழிக்கும் பழக்கத்தைக் கற்பிப்பதும் கடினம்.

பல இடத்துக் குட்டிகள் ஒரே வண்டியில் கலக்கும்போது கிருமிகளும் கலக்கின்றன. அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை கடைக் குட்டிகளோடு தொடர்புடைய, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று 18 மாநிலங்களில் 118 பேருக்குப் பரவியது. வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலவற்றுக்கும் அக்கிருமி கட்டுப்படவில்லை. சட்டங்களும் இப்போது மாறி வருகின்றன. 2013இல் வேல்ஸில் ஓர் இனப்பெருக்கப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற பெண் நாயின் பெயரால் வழங்கும் சட்டம், இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் 6 மாதத்திற்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் விற்பதைத் தடை செய்துள்ளது. கலிபோர்னியாவில் 2019 முதலும், பிரான்சில் 2024 முதலும் கடைகளில் இத்தகைய விற்பனைக்குத் தடை இருக்கிறது. உங்கள் பகுதியில் நடப்பிலுள்ள சட்டத்தை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

முதல் படி: குட்டிதான் வேண்டுமா என்று முடிவு செய்தல்

வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதே முதன்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதன் உருவம், குரல், குணம், குழந்தைகளோடு பழகும் விதம் ஆகிய யாவும் கண்ணெதிரே தெரிகின்றன; குட்டியிடம் இவற்றை ஊகிக்கத்தான் முடியும். காப்பகத்திற்கு ஒருமுறை சென்றவுடனே முடிவெடுக்காமல், வெவ்வேறு நேரங்களில் இருமுறையாவது சென்று, நாயைக் கூண்டுக்கு வெளியே நடத்திப் பாருங்கள்.

எனக்கு இந்தப் படியை அவசியமாக்கியது பார்வோதான். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். 1 பங்கு பிளீச்சிங் திரவத்தை 30 பங்கு நீரில் கலந்து, கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டேன். ஆனாலும் தோட்டத்து மண்ணை அவ்வாறு தூய்மைப்படுத்த முடியவில்லை. தடுப்பூசி முழுமையாகப் போடப்படாத குட்டியை ஓராண்டுக்கு அந்த வீட்டிற்குள் கொண்டுவரக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். உங்கள் வீட்டிலும் இத்தகைய இழப்பு நேர்ந்திருந்தால், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்காமல் அடுத்த குட்டியைத் தேடத் தொடங்காதீர்கள்.

இரண்டாம் படி: விற்பவரோடு முதல் உரையாடல்

குட்டியே வேண்டும் என்று முடிவு செய்தால், அதை ஈன்ற நாயைத் தம் வீட்டிலேயே வைத்து வளர்ப்பவரிடம் நேரடியாகப் பேசுங்கள். தாயின் வயது என்ன, இது எத்தனையாவது ஈற்று, முந்தைய ஈற்று எப்போது, அந்த இனத்திற்குரிய பரிசோதனைகள் பெற்றோருக்குச் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். பெரிய இனங்களுக்கு இடுப்பு எலும்பின் எக்ஸ்ரேயும், டால்மேஷன் போன்றவற்றுக்குக் கேட்கும் திறன் சோதனையும் முக்கியமானவை. பொறுப்புள்ள ப்ரீடர் (நாய்களை வளர்த்துக் குட்டி எடுத்து விற்பவர்) உங்களையும் கேள்வி கேட்பார்: பகலில் வீட்டில் யார் இருப்பார், வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் விசாரிப்பார். எதையும் கேட்காமல் முன்பணத்தை மட்டும் கேட்பவரை நான் இப்போது தொடர்வதில்லை.

விற்பவர் அனுப்பும் படத்தை கூகுள் லென்ஸில் இட்டுத் தேடிப் பாருங்கள். ஒரே குட்டியின் படம் வெவ்வேறு பெயர்களில் பல விளம்பரங்களில் கிடைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பதிவு செய்த வீடியோவைவிட நேரலை வீடியோ அழைப்பையே நான் நம்புகிறேன். பேசியவற்றைக் கைப்பேசியில் சேமிப்பதைவிட ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைப்பதும் என் பழக்கம். இரண்டாம் அழைப்பில் பதில்கள் மாறும்போது அது உடனே புலப்படுகிறது.

மூன்றாம் படி: தாயைப் பார்த்தல்

நான் இரண்டாம் முறை ஏமாந்த இடம் இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஓராண்டு கழிந்த பின், தாயைப் பார்க்காமல் வாங்குவதில்லை என்ற முடிவோடு ஒரு வீட்டிற்குச் சென்றேன். பளபளப்பான உரோமத்தோடு ஒரு பெண் நாய் அமர்ந்திருந்தது. இதுதான் தாய் என்றார்கள். ஆறு வாரக் குட்டிகள் அருகில் விளையாடிக்கொண்டிருந்தன. மனம் நிறைந்து முன்பணம் கொடுத்துவிட்டேன். வீடு திரும்பி, அங்கே எடுத்த வீடியோவை மருத்துவரிடம் காட்டியபோது, அந்த நாய் அண்மையில் ஈன்றதற்கான அறிகுறி எதுவும் அதன் உடலில் இல்லை என்றார். குட்டிகளைப் போன்ற நிறமுடைய வேறொரு நாயை அமர்த்தியிருந்தார்கள்.

ஆகவே, தாய் என்று காட்டப்படும் நாயின் வயிற்றுப் பகுதியை முதலில் பாருங்கள். குட்டிகளுக்கு ஐந்தாறு வாரமாகும்போது தாயின் முலைக்காம்புகள் நீண்டு, மடி தளர்ந்து தொங்கும். உரோமம் உதிர்ந்து, உடல் சற்று மெலிந்தும் இருக்கலாம். பால் கொடுக்கும் தாய் அழகாகத் தோன்றாதது இயல்பு. தாய் என்று சொல்லப்படும் நாயின் வயிறு இறுக்கமாக இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். அடுத்ததாக, குட்டிகளின் நடத்தையைக் கவனியுங்கள். தாய் அருகில் வந்ததும் குட்டிகள் அதன் வயிற்றுக்கடியில் முட்டி மோதிப் பால் தேடும். பால் மறக்கடிக்கத் தொடங்கிய தாய் எழுந்து விலகலாம், மெல்ல உறுமவும் செய்யலாம். ஆனாலும் குட்டிகள் விடாமல் பின்தொடரும். நான் பார்த்த வீட்டில் குட்டிகள் அந்த நாயை ஒருமுறைகூட நெருங்கவில்லை. அதுவும் அவற்றை முகர்ந்து பார்க்கவில்லை. என் வீடியோவில் இவை அனைத்தும் தெளிவாகப் பதிவாகியிருந்தும், எதைப் பார்க்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தாய் எந்த அறையில் உறங்குகிறது என்பதையும் காட்டச் சொல்லுங்கள். வரவேற்பறைக்குக் குட்டிகளைத் தூக்கி வந்து காட்டினால், அவை பிறந்து வளர்ந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நான்காம் படி: வயதையும் தடுப்பூசி அட்டையையும் ஒப்பிடுதல்

குட்டியின் வாயைத் திறந்து ஒரு சிறு டார்ச்சால் பாருங்கள். எட்டு வாரமாகும்போது 28 பால்பற்களும் பெரும்பாலும் முளைத்திருக்கும். சிறிய இனங்களில் சற்றுத் தாமதமாகலாம். எட்டு வாரம் என்று சொல்லப்படும் குட்டியின் வாயில் முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டுமே இருந்தால், சொன்ன வயதை நம்பாதீர்கள்.

பின்னர் அட்டையில் உள்ள தேதிகளைப் பிறந்த தேதியோடு ஒப்பிடுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்) ஆகியவற்றுக்கான முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். தாய்ப்பாலின் வழியே வந்த நோயெதிர்ப்பு குட்டியின் உடலில் இருக்கும் வரை ஊசியின் பயனை அது தடுத்துவிடும் என்பதாலும், அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதாலும்தான் இத்தனை முறை போடுகிறார்கள். எனவே, ஏழு வாரக் குட்டியைக் காட்டி "எல்லா ஊசியும் முடிந்துவிட்டது" என்று கூறினால் அது உண்மையாக இருக்க முடியாது. வெறிநோய் ஊசி வழக்கமாக மூன்று மாதத்தை ஒட்டியே போடப்படுவதால், அதற்கு வெகுமுன்பே போட்டதாக அட்டையில் இருந்தாலும் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் எதிரே மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளும், மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த மருத்துவரை நேரடியாக அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கெனல் கிளப் தரும் சான்றிதழ் என்பது பெற்றோர் யார் என்பதைப் பதிவு செய்யும் தாள் மட்டுமே. உடல்நலத்திற்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

ஐந்தாம் படி: இரக்கப்பட்டு வாங்காமலிருத்தல்

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுவே. கூண்டின் மூலையில் நடுங்கும் குட்டியைக் கண்டால், காப்பாற்ற வேண்டும் என்றே மனம் துடிக்கும். ஆனால் நாம் கொடுக்கும் பணம் அதன் தாயை மீண்டும் இணை சேர்ப்பதற்கான காரணமாகிறது. காலியான கூண்டுக்கு அடுத்த குட்டி வந்துவிடும். குட்டி நோயுற்றிருந்தால் படமெடுத்து, இடமும் நாளும் குறித்து, உங்கள் பகுதியின் விலங்கு நல அமைப்பிடமோ கால்நடைத் துறையிடமோ எழுத்து மூலம் புகார் அளியுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர், "தொற்று வரும் என்று சொல்லித் தாயைக் காட்ட மறுக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்கள். தடுப்பூசி முடியாத குட்டிகளைத் தொட விடாமல் ப்ரீடர் காப்பது நியாயமே. அத்தகையவர் காலணியைக் கழற்றச் சொல்வார், கை கழுவச் சொல்வார், சன்னல் வழியாகவோ நேரலை வீடியோவிலோ தாயும் குட்டிகளும் ஒன்றாக இருப்பதைக் காட்டுவார். எந்த வழியிலும் காட்டாதவரும், பாதி வழியில் சந்தித்துக் குட்டியைக் கொடுத்துவிடுவதாகச் சொல்பவரும் மறைப்பது தொற்றை அல்ல.

இப்போது நான் வளர்க்கும் நாய் எது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இனப்பெருக்கப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்டுக் காப்பகத்தில் இருந்த, ஏறத்தாழ ஐந்து வயதுப் பெண் நாயைத் தத்தெடுத்தேன். வந்த புதிதில் அதற்குப் படியேறத் தெரியவில்லை. புல்லில் கால் வைக்க அஞ்சியது. இத்தகைய நாயை எடுப்பவர்கள், முதல் மூன்று மாதம் வேலியிட்ட இடத்திலும் கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டையோடும் கயிற்றோடும் மட்டுமே நடத்துங்கள். பயந்தால் அவை கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும், கூப்பிட்டால் திரும்பி வரவும் அவற்றுக்குத் தெரியாது.