சேர்லயே உக்காந்திருக்கற அப்பா அம்மாவ நடக்க வைக்கறது எப்படி

எங்கப்பா ரிட்டயர் ஆனதுலேர்ந்து காலைல பேப்பர், அப்புறம் டிவி, சாப்பாடு, தூக்கம், திரும்ப டிவி, எல்லாம் அந்த ஒரே சேர்லதான். சுகர், பிபி, கொழுப்பு மூணுமே இருந்துச்சு. நானும் ஷூ வாங்கிக் குடுத்து "அரை மணி நேரம் வாக்கிங் போங்கப்பா"ன்னு அனுப்புனேன், மூணு நாள் போனாரு, முட்டி வலின்னு திரும்ப உக்காந்துட்டாரு. தப்பு என்னோடதுதான், வருஷக்கணக்கா அசையாத உடம்ப எடுத்த எடுப்புல ரோட்டுக்கு அனுப்பக்கூடாது, சேர்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

அதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது, நெஞ்சு இறுக்குதுன்னா கண்டிப்பா காட்டணும். இன்சுலின் போடறவங்க, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நடக்கும்போது சுகர் ரொம்ப கீழ போயிரலாம், அதனால பாக்கெட்ல கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்பவும் இருக்கட்டும்.

இப்ப சேர். பிளாஸ்டிக் சேர் வழுக்கும், கை வச்ச கனமான சேர சுவத்தோட ஒட்டிப் போடுங்க. நுனியில உக்காந்து, பாதத்த முட்டிக்கு கொஞ்சம் உள்ள இழுத்து, உடம்ப நல்லா முன்னாடி சாய்ச்சு, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே எந்திரிக்கணும். மூச்ச அடக்கிக்கிட்டு எந்திரிச்சா பிபி ஏறும். உக்காரும்போது தொப்புன்னு விழாம ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிக்கிட்டே மெதுவா எறங்கணும், தொடைக்கு உண்மையான வேலையே அங்கதான். காலைல அஞ்சு தடவை, சாயங்காலம் அஞ்சு தடவை போதும், மொதல்ல கைய ஊனிக்கிட்டா பரவால்ல. அப்பா மொத வாரம் ரெண்டு கையும் ஊனி முக்கி முக்கி எந்திரிச்சாரு, ஒரு மாசத்துல ஒரு கை போதும்னு ஆச்சு.

தொடைய ஏன் புடிச்சுக்கிட்டேன்னா, சாப்பிட்ட சர்க்கரைய ரத்தத்துலேர்ந்து அதிகமா வாங்கி வச்சிக்கிறது தசைதான், அசையாம இருந்தா அது சுருங்கிப்போகும், அப்ப சர்க்கரை போய் சேர எடமும் குறையும். வேலை செய்யற தசை இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்களுக்கும் சர்க்கரைய உள்ள இழுத்துக்கும்.

அடுத்தது சாப்பாட்டுக்கப்பறம் நடை, எனக்கு ரொம்ப நம்பிக்கை இதுலதான். 2013ல அமெரிக்காவுல, 60 வயசு தாண்டி உடற்பயிற்சி பழக்கமே இல்லாத 10 பேர வச்சு ஒரு ஆய்வு, சின்னதுதான், ஆனா மூணு வேளை சாப்பாட்டுக்கப்பறமும் 15 நிமிஷம் நடந்தது காலைல ஒரேடியா 45 நிமிஷம் நடந்த அளவுக்கே நாள் முழுக்க சுகர குறைச்சுச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கப்பறம் ஏறுற சுகருக்கு அத விட நல்லாவே கேட்டுச்சு. நம்ம வீட்ல எட்டரைக்கு தோசை சாப்பிட்டு ஒம்போதுக்கு படுக்கறோமே, அந்த நேரம்தான் முக்கியம். ரோடு வேணாம், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தா போதும், மொத வாரம் அஞ்சு நிமிஷம்.

வேகம் எவ்வளவுன்னா, பேச முடியணும், பாட முடியக்கூடாது. மெட்டோபிரோலால் மாதிரி, பிபிக்கும் இதயத்துக்கும் குடுக்கற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவா ஏறாது, அதனால வாட்ச்ல காட்டுற நம்பர நம்பாம பேச்ச வச்சே பாருங்க. பிபி மாத்திரை சாப்பிடறவங்க எந்திரிச்ச உடனே நடக்காம பத்து எண்ணிட்டு கால் எடுத்து வைக்கணும், இல்லன்னா தலை சுத்தி விழுந்துருவாங்க. பாதம் மரத்துப்போனவங்க வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும், ராத்திரி உள்ளங்கால பாத்துட்டு படுக்கணும்.

65 வயசுக்கு மேல வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மொத நாளே இத சொல்லி பயமுறுத்தாதீங்க, அஞ்சு நிமிஷம் பத்தாகி தானா அங்க வரும்.

நெஞ்சுல பாரம், கையோ தாடையோ வலி, திடீர்னு வேர்த்துக்கொட்டுதுன்னா உடனே உக்கார வச்சு 108க்கு கூப்பிடுங்க. சுகர் எறங்கிருச்சுன்னு மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் காட்டுற ரத்தப் பரிசோதனை) எடுத்து டாக்டர்ட்ட காட்டுங்க, அவரு பாத்து குறைக்கட்டும்.