உப்புக் காற்றில் பிளந்த லிண்டல்: கடலோர வீடுகளில் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும்

சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம், ராயபுரம் போன்ற பகுதிகளில் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில், கடலைப் பார்த்த சுவரின் ஜன்னலுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால், மேற்சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்திரமான லிண்டலின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு விரிசலும் அதையொட்டிப் பழுப்புக் கறையும் தென்படுவது வழக்கம். சில இடங்களில் பூச்சு பொரிந்து, கான்கிரீட் சில்லு சில்லாக உதிர்ந்து, துருவேறிய கம்பியே வெளியே தெரியும். அப்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். கொத்தனார் உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டுச் சிமென்ட் கலவையை அப்புவார். பெயின்டர் அதன் மேல் வண்ணம் அடித்துவிடுவார். எங்கள் வீட்டிலும் அதையே இரண்டு முறை செய்தோம். இரண்டாவது முறை பூசியது மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. பூசிய இடம் அப்படியே நிற்க, அதற்கு ஒரு சாண் தள்ளிப் புதிதாகப் பிளந்தது.

அது கொத்தனாரின் கைவேலைக் குறை அன்று. நல்ல கான்கிரீட்டினுள் காரத்தன்மை மிகுதி; பி.எச். அளவு 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவைத் தடுத்து நிற்கிறது. கடற்காற்றோடு வரும் உப்பிலுள்ள குளோரைடு, ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டினுள் ஊறி, கம்பியைத் தொட்டதும் அந்தப் படலத்தைக் குலைத்துவிடுகிறது. துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியேறும். ஒரே கம்பியில் அரிக்கும் பகுதி, தன்னை இழந்து பக்கத்துப் பகுதியை ஓரளவு காத்து நிற்கிறது என்பதுதான் இதில் பலரும் கவனிக்காத செய்தி. அரித்த பகுதியைப் புதுக் கலவையால் மூடியவுடன் அந்தக் காவல் நீங்கி, பழைய உப்புக் கான்கிரீட்டில் இருக்கும் பக்கத்துக் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. ஆகவே உதிர்ந்த இடத்தை அளந்து வேலையைத் தீர்மானிக்கக் கூடாது. உப்பு எதுவரை சென்றிருக்கிறது என்பதை வைத்தே பூசுவதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

விரிசலின் போக்கு நோயைச் சொல்லும். கம்பிக்கு இணையாகப் படுக்கைவாட்டில் ஓடினால் அது துரு. லிண்டலின் நடுவில் செங்குத்தாக, கீழே அகன்றும் மேலே ஒடுங்கியும் இருந்தால் அது பாரம். ஜன்னலின் மூலையிலிருந்து செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாகச் சாய்வாக ஏறினால், லிண்டல் சுவரில் போதிய அளவு உட்காரவில்லை, அல்லது அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது. அஸ்திவாரம் இறங்கியதாக இருந்தால் லிண்டலை மாற்றிப் பயனில்லை. கதவு திடீரென இறுகிக்கொண்டால், நிலை ஈரத்தில் ஊதியிருக்கிறது என்று இழைப்புளியை எடுப்பதற்கு முன், மேலிருக்கும் லிண்டல் தொய்ந்து நிலையை அழுத்துகிறதா என்று ஒரு நூல் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

பின்னர் ஒரு சிறு சுத்தியால் லிண்டலின் முழு நீளத்தையும், சன்ஷேடின் அடிப்பகுதியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடம் கணீரென்றும், உள்ளே பிரிந்த இடம் டொப்பென்றும் ஒலிக்கும். டொப்பென்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டால், கண்ணுக்குத் தெரியும் சேதத்தைவிட அது எவ்வளவு பெரிது என்பது உடனே விளங்கும். கம்பி தெரியும் இடத்தில் கம்பித் தூரிகையால் துருவை நன்றாகச் சுரண்டிவிட்டு, வெர்னியர் அளவுகோலால் விட்டத்தை அளக்க வேண்டும். 10 மி.மீ. கம்பி 9 மி.மீ. ஆகியிருந்தால், ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கம்பியின் குறுக்குப் பரப்பில் 19 சதவீதம் போய்விட்டது.

உடைத்த கான்கிரீட்டின் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்து, இளஞ்சிவப்பாக மாறினால் நல்லது, நிறம் மாறாவிட்டால் காரம் போய்விட்டது என்று சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை உப்பைக் காட்டாது. நல்ல இளஞ்சிவப்பு நிறம் வந்த கான்கிரீட்டினுள்ளேயே குளோரைடு கம்பியைத் தின்றுகொண்டிருக்கலாம். கடலோரத்தில் இதை மட்டும் நம்பி முடிவெடுப்பது தவறு. ஐயமிருந்தால் கம்பியின் ஆழத்திலிருந்து துளைத்தெடுத்த தூளை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் குளோரைடு அளவைப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிமுறையான ஐ.எஸ். 456, கம்பியிட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது.

என் முடிவு இது. விரிசல் ஓரிடத்தில் மட்டும் இருந்து, கம்பி மெலியாமல், மற்ற பகுதிகள் கணீரென்று ஒலித்தால் பழுதுபார்க்கலாம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிந்திருந்தாலோ, கம்பியின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தாலோ, ஏற்கெனவே ஒருமுறை பூசியது தோற்றிருந்தாலோ மாற்றிவிட வேண்டும். லிண்டல் சிறிய உறுப்பு. கூரைத் தளத்தைப் போல மாற்ற முடியாதது அன்று.

எதையும் தொடுமுன் முட்டு

சுத்தியை ஓங்குவதற்கு முன் முட்டுக் கொடுத்தாக வேண்டும். பழுதுபார்க்கக் கம்பியைச் சுற்றிக் கொத்தும்போதே லிண்டல் தன் பலத்தில் பெரும்பங்கை இழந்துவிடுகிறது. இரும்பு ஜாக்கி முட்டுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. சவுக்குக் கட்டைக்கு ஆப்பு அடித்து இறுக்க வேண்டியிருப்பதால், உயரத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய ஜாக்கியே மேல். அதன் அடியில் கனமான பலகை வேண்டும். மாடியில் முட்டு நிறுத்தினால், அதே இடத்தில் கீழ்த்தளத்திலும் ஒரு முட்டு நிற்க வேண்டும். ஜன்னல் சட்டத்தின் மேலோ கிரில்லின் மேலோ பாரத்தை இறக்கக் கூடாது.

இங்கே உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் சன்ஷேடு பெரும்பாலும் லிண்டலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். அது கவிழாமல் நிற்பதற்குக் காரணம் லிண்டலின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் சுவரின் எடை. அந்தச் சுவரில் நான்கு வரி செங்கலை எடுத்தவுடன் சன்ஷேடு லிண்டலையும் புரட்டிக்கொண்டு வெளிப்புறமாகக் கவிழக்கூடும். எனவே முதலில் சன்ஷேடின் வெளி விளிம்புக்கு முட்டு, அடுத்து அதன் மேலிருக்கும் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டையும் பூந்தொட்டிகளையும் இறக்குவது, பிறகுதான் மற்றவை. கீழே யாரும் நடமாடாதபடி கயிறு கட்டித் தடுப்பதும் அவசியம்.

பழுதுபார்த்தால்

பிரிந்த கான்கிரீட்டை எடுப்பதோடு நிற்காமல், கம்பியின் பின்புறத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு, அதாவது 20 முதல் 25 மி.மீ. வரை, சுற்றிலும் கொத்த வேண்டும். நீளவாக்கில் துரு முடிந்து கம்பி பளிச்சென்று தெரியும் இடத்தையும் தாண்டி ஒரு சாணாவது போக வேண்டும். ஓரங்களை வெட்டு மெஷினால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டினால் கலவை ஓரத்தில் மெலிந்து பிரியாது.

துருவை நீக்கச் சிலர் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தடவுகிறார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்தக் குளோரைடை விரட்ட இவ்வளவு பாடுபடுகிறோமோ அதையே கம்பியின் மேல் ஊற்றுவதாகும். கம்பித் தூரிகை பொருத்திய கிரைண்டரால் பளிச்சென்று தேய்த்து, மெட்ரோ வாட்டரால் பலமுறை கழுவி உலரவிட்டு, அன்றே துத்தநாகப் பூச்சோ சிமென்ட்-பாலிமர் பூச்சோ கொடுக்க வேண்டும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கம்பிகளுக்கான இத்தகைய சிமென்ட்-பாலிமர் பூச்சை உருவாக்கியிருக்கிறது. வெட்டிய பகுதியின் இரு முனைகளிலும் கம்பியோடு துத்தநாக ஆனோடு கட்டிகளைக் கட்டிவிட்டால், முன்பு சொன்ன பக்கத்துக் கம்பி அரிப்பு வெகுவாகத் தள்ளிப்போகும். தன்னை இழந்து காக்கும் வேலையை இனி துத்தநாகம் ஏற்றுக்கொள்கிறது. அதன் மேல் பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டரை மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகிய பின் அடுத்ததாக, அழுத்திப் பூச வேண்டும். வெள்ளை சிமென்டும் பி.ஓ.பி.யும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) இந்த வேலைக்கு உதவா.

மாற்றினால்

அடுக்குமாடிக் கட்டடமாகவோ, மேல்தளத்தின் பாரம் சுவரில் இறங்கும் வீடாகவோ, திறப்பு ஆறடிக்கு மேலாகவோ இருந்தால், ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் வந்து பார்க்காமல் தொடக் கூடாது. மேலே சுவர் மட்டுமே இருக்கும் 1.2 மீட்டர் ஜன்னலை வைத்து இங்கே சொல்கிறேன்.

லிண்டலுக்கு மேலே இரண்டு வரி செங்கல் தள்ளிச் சுவரைத் துளைத்து, 900 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் இரண்டு இரும்பு ஐ-பீம் துண்டுகளை நுழைத்து, ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும், சுவரின் உள்ளும் வெளியுமாக, ஜாக்கி கொடுத்து இறுக்க வேண்டும். மேற்சுவர் இப்போது அந்த இரும்பின் மேல் நிற்கிறது. பிறகு ஜன்னலைக் கழற்றி, சன்ஷேடைச் சிறு துண்டுகளாக வெட்டி இறக்கி, லிண்டலை எடுக்கலாம்.

புது லிண்டலைத் தரையிலேயே வார்த்து, ஊறவைத்து, பின்னர் ஏற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சுவரினுள் நெருக்கடியில் ஊற்றும் கான்கிரீட் பெரும்பாலும் அடியில் பொந்து விழுந்து, அந்தப் பொந்தே உப்புக்கு வாசலாகிறது. இரு பக்கமும் 200 மி.மீ. உட்கார வேண்டும் என்பதால் நீளம் 1.6 மீட்டர், ஒன்பது அங்குலச் சுவருக்கு அகலம் 230 மி.மீ., உயரம் 200 மி.மீ. எடை ஏறத்தாழ 184 கிலோ வரும். செயின் பிளாக்கும் நான்கு ஆட்களும் வேண்டும். அடியில் மூன்று 10 மி.மீ. கம்பிகள், மேலே இரண்டு, அவற்றைச் சுற்றி 150 மி.மீ.க்கு ஒரு 8 மி.மீ. ரிங். கடற்காற்று நேரே படும் இடத்துக்கு ஐ.எஸ். 456 கேட்பது எம் 30 தரக் கான்கிரீட், 45 மி.மீ. கவர், அலைத் திவலையே தெறிக்கும் வீடென்றால் எம் 35, 50 மி.மீ. கவர். கவர் என்பது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன்; அது ரிங்கின் வெளிப்புறத்திலிருந்து அளப்பது. கொத்தனார்கள் பலரும் உள்ளிருக்கும் கம்பியிலிருந்து அளக்கிறார்கள். கட்டுக் கம்பியின் வால்களை உட்புறமாக மடக்கிவிட வேண்டும்.

சிமென்ட் ஸ்லாக் வகையாக இருப்பது நல்லது; உப்பு ஊறுவதை அது சாதாரண சிமென்டைவிடத் தடுக்கும். 50 கிலோ மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. இளக்கம் போதவில்லையென்றால் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாமே தவிரத் தண்ணீர் கூடாது. அந்தத் தண்ணீரும் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடே உச்ச வரம்பு. கடற்கரையை ஒட்டிய பல போர்களில் நாக்கிலேயே உப்புக் கரிக்கிறது. ஒரு லிண்டலுக்கு ஒரு மூட்டை சிமென்ட் கூட முழுதாகச் செலவாகாது. இதில் சிக்கனம் பார்க்க எதுவுமில்லை. ஈரச் சாக்கு போர்த்தி 14 நாட்கள் நீர் ஆற்ற வேண்டும், அதே நல்ல தண்ணீரால்.

உட்காரும் இடத்தின் செங்கற்கள் பொடிந்திருந்தால் அவற்றை முன்கூட்டியே மாற்றிக் கட்டி இறுக விட வேண்டும். லிண்டலை ஏற்றிக் கலவையில் உட்காரவைத்து மட்டம் பார்த்தபின், எடுத்த செங்கற்களைக் கட்டி, மேலே மிஞ்சும் ஓர் அங்குல இடைவெளியை உலர்கலவையால் நிரப்ப வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் கசியக் கூடாது. அந்தப் பதத்தில் கட்டையால் இடித்து இடித்து அடைக்க வேண்டும். இந்த அடைப்பு தளர்வாக இருந்தால், முட்டுகளை எடுத்த அன்றே மேற்சுவர் இறங்கிப் புது விரிசல் விடும். ஒரு வாரம் கழித்து ஜாக்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஐ-பீம்களை உருவி, துளைகளை அதே முறையில் அடைக்கலாம்.

கான்கிரீட் சன்ஷேடு கட்டாயம் வேண்டுமென்றால் லிண்டலோடு சேர்த்து அங்கேயே வார்க்க வேண்டியிருக்கும். கம்பி மேற்புறத்தில் இருப்பதையும், ஊற்றும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே அமுக்கிவிடாததையும் நின்று பார்க்க வேண்டும், முட்டுகளை 14 நாட்களுக்கு எடுக்கக் கூடாது. இயன்றால் இலேசான ஃபைபர் சன்ஷேடோடு நிறுத்திக்கொள்ளலாம். எதுவானாலும் வெளி விளிம்பின் அடியில் ஒரு காடி வெட்டி மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்படி செய்ய வேண்டும்; இல்லையேல் தண்ணீர் அடிப்பக்கமாக ஓடி லிண்டலை நனைத்துக்கொண்டே இருக்கும்.

வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழையும் இராது, சித்திரை வெயிலும் இராது. ஜன்னலைத் திரும்பப் பொருத்தும்போது சட்டத்துக்கும் லிண்டலுக்கும் இடையில் 10 மி.மீ. விட்டு சீலன்ட்டால் மூடுங்கள். திரைச்சீலைக் கம்பிக்கான துளையை லிண்டலில் போடாமல், இரு பக்கச் சுவரில் போடச் சொல்லுங்கள்.