ஒரு செல் மட்டும் இறங்கிய ட்ரில் பற்றரிக்கு

18 வோல்ற் லித்தியம் ட்ரில் பற்றரி முழுதாக ஏற்றியும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதா? புதிது வாங்க வவுனியாவுக்குப் போகமுதல் மூடியைக் கழற்றி, தொடராக உள்ள ஐந்து செல்களையும் மீற்றரால் தனித்தனியே அளந்து பாருங்கள். நாலு 4.1 வோல்ற்றிலும் ஒன்று மட்டும் 3.5இலும் நின்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் டிபி4056 பலகையும் (ஒற்றை லித்தியம் செல்லை ஏற்றும் சிறு சார்ஜர் பலகை) அதற்கு மின் தர போன் சார்ஜரும் கொடுத்து மற்றவற்றின் அளவுக்கு ஏற்றுங்கள். இடையிடையே வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். ஏறும்போது மீற்றர் சற்றுக் கூட்டியே காட்டும்.

தொடரில் எல்லாச் செல்லிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். குறைந்த செல் முதலில் காலியாக, பற்றரி நின்றுவிடும்; மற்ற நாலிலும் மின் மிச்சமிருக்கும். திரும்ப ஏற்றும்போது அந்த நாலும் முதலில் நிரம்பி, ஏற்றம் நின்றுவிடுவதால், குறைந்தது குறைந்தபடியே கிடக்கும்.

செல் 2 வோல்ற்றுக்குக் கீழே போயிருந்தால், வீங்கியிருந்தால், சரிசெய்தும் சும்மா வைத்த சில நாளில் திரும்ப இறங்கினால் விட்டுவிடுங்கள், அது பழுதான செல். நம் பக்க மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஏற்றவே வேண்டாம். திருப்புளி இரண்டு தகட்டில் ஒன்றாகப் பட்டாலும் தீப்பொறி பறக்கும், கவனம்.