கை சுட்டதும் மாவைத் தேடாதீர்கள்

கல்யாணச் சமையலுக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சுட்டுக்கொள்கிறார்கள். சாதம் வடிக்கும்போது கஞ்சி முன்கையில் சரியும். இட்லிக் கொப்பரை மூடியைத் தன் பக்கமாகத் திறந்து மணிக்கட்டில் ஆவி வாங்குவார்கள். வடையை உயரத்திலிருந்து போட்டு எண்ணெய் தெறிக்கும். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். சுட்ட பிறகு செய்துகொள்ளும் வைத்தியம்தான் தாங்கவில்லை. கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் அதே வைத்தியம், வீடுகளிலும் அதேதான். பற்பசை, பேனா மை பூசக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் பட்டால் கொப்பளிக்கும் என்று நம்புவது

ஒரு வைகாசி முகூர்த்தம். புதுப் பையன் முன்கையில் கஞ்சி கொட்டிவிட்டது. குழாய் இரண்டடியில் இருக்கிறது. காய் நறுக்க வந்திருந்த அம்மா ஒருவர், "ஐயோ, தண்ணி ஊத்தாதடா, பொங்கிடும்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து ஒரு கரண்டி இட்லி மாவை அப்பிவிட்டார். "குளுகுளுன்னு இருக்கு மாஸ்டர்" என்று அவனும் வேலைக்குத் திரும்பிவிட்டான். சாயங்காலம் மாவு காய்ந்து பொருக்காக இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதை ஊறவைத்து எடுத்தபோது கூடவே தோலும் உரிந்து வந்தது. பையன் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. ஒரு மக்கு தண்ணீரில் தொடங்க வேண்டிய விஷயம்.

கொப்புளம் தண்ணீரால் வருவதில்லை. சூட்டில் மேல்தோல் அடித்தோலை விட்டுப் பிரிகிறது, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது, அவ்வளவுதான். அடுப்பை அணைத்த பிறகும் இருப்புச்சட்டியில் கிடக்கும் வெங்காயம் கருகுகிறதே, அதுபோலத்தான் தோலுக்குள் இறங்கிய சூடும் கஞ்சியைத் துடைத்த பிறகு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அதை வெளியே இழுக்க ஓடும் தண்ணீரை விட நல்ல மருந்து கிடையாது. மாவு, வெண்ணெய், எண்ணெய் எல்லாம் அந்தச் சூட்டை உள்ளேயே போட்டு மூடிவைக்கும். பச்சை மாவிலிருந்து கிருமியும் சேரும்.

எவ்வளவு நேரம்? 20 நிமிடம். கையைக் காட்டிவிட்டு உதறிக்கொண்டு வருகிறார்களே, அது கணக்கில் சேராது. செல்போனில் அலாரம் வையுங்கள். உடனே செய்ய முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பந்தி முடியட்டும் என்று மட்டும் நிற்காதீர்கள், பந்திக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதில்லை. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்கிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீரில் பருப்பே ஊறவைக்கலாம். சுட்ட கையை அதில் நேராக நீட்டிவிடாதீர்கள். முதலில் நல்ல கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அடிபம்பில் அடித்த தண்ணீரோ, மண்பானைத் தண்ணீரோ எடுத்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். அதுவும் முடியாவிட்டால் வாளியில் கையை முக்கி, தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்றுங்கள். குழந்தையாக இருந்தால் சுட்ட இடத்தில் மட்டும் ஊற்றி, மற்ற உடம்பைத் துண்டால் போர்த்திவிடுங்கள், இல்லையென்றால் நடுங்கிப்போகும்.

வெல்லப்பாகு, பாயசம் கொட்டினால் கூடுதல் கவனம் வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்று சுடும். வழித்தெடுக்கப் போகாமல் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

ஐஸ் கட்டி

வேண்டாம். வெந்த தோலை அது இன்னொரு முறை கெடுக்கும்.

மோதிரம், வளையல்

வீங்கும் முன்பே கழற்றுங்கள். மணிக்கட்டில் சாமிக் கயிறு இருந்தால் வெட்டிவிடுங்கள், சாமி ஒன்றும் சொல்லாது.

கொப்புளத்தை ஊக்கால் குத்துவது

நீரை எடுத்துவிட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்கிறார்கள். மேலே இருக்கும் அந்தத் தோல்தான் கிருமி புகாமல் காக்கும் கட்டு. தானாக உடைந்தால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, தொங்கும் தோலைப் பிய்க்காமல், மெல்லிசாக வாஸ்லின் தடவி மூடுங்கள். பஞ்சு வைக்காதீர்கள், நார் நாராக ஒட்டும். மருந்துக்கடையில் புண்ணில் ஒட்டாத காஸ் கேட்டால் கொடுப்பார்கள். அவசரத்துக்குத் துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி போதும். வலிக்குப் பாராசிட்டமால்.

டாக்டர் பார்க்கும் முன் வெள்ளைக் களிம்பு

மெடிக்கலில் தீக்காய மருந்து என்று கேட்டால் பெரும்பாலும் சில்வர் சல்ஃபாடயசின் தருவார்கள். அதை அப்பிக்கொண்டு போனால் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்குத் தெரியாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது.

வலிக்கவில்லை என்று வீட்டிலேயே இருப்பது

சுட்ட இடம் வெளுத்தோ கருகியோ இருந்து வலியும் இல்லை என்றால் நல்லது என்று எண்ணாதீர்கள். ஆழமாக வெந்து நரம்பும் போயிருக்கலாம். அதேபோல முகம், கைகள், பாதம், மூட்டு, மறைவிடம் என்றால் காட்டியே ஆக வேண்டும். உள்ளங்கையை விடப் பெரிய காயம் என்றாலும் அப்படியே. குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகளுக்குச் சின்னக் காயமும் டாக்டர் பார்க்க வேண்டியதுதான். துணி ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு அப்படியே கூட்டிப் போங்கள். பெரிதாக இருந்தால் 108. இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள். டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்பதையும் சொல்லுங்கள்.

சர்க்கரைக்காரரின் கால்

பாதம் மரத்துப்போனவருக்குக் கோட்டை அடுப்பிலிருந்து சிதறிய கங்கை மிதித்ததே தெரியாது. ராத்திரி வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார். காலில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மறுநாள் என்று தள்ளாமல் காட்டிவிட வேண்டும். எங்கள் குழுவில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார், அடுப்படியில் செருப்போடுதான் நிற்பார். சில வீடுகளில் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.