துவிச்சக்கரவண்டியின் ஆசனத்தை உயர்த்தும்போது
மட்டக்களப்பில் வாவிக்கரையின் உப்புக்காற்றுப் படும் வண்டிகளில் ஆசனத் தண்டு சட்டக் குழாயோடு துருவேறி இறுகிவிடுவது வழமை என்பதால், சுத்தியலால் அடிக்காமல், தண்டைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்த பின்னர், ஆசனத்தை இடம்வலமாகத் திருப்பியே மேலே இழுக்க வேண்டும். துருவைத் துடைத்து, இரும்புத் தண்டுக்கு மெல்லிதாகக் கிறீஸ் பூசுங்கள். சோம்பலில் இதைத் தவிர்ப்பவரே அடுத்த முறையும் சுத்தியலைத் தேடுவார்.

சுவரைப் பிடித்தபடி அமர்ந்து, மிதி மிகக் கீழே இருக்கையில் குதிக்கால் அதில் பட்டு முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரியானது. இடுப்பு சரிந்தால் கூடிவிட்டது. தண்டில் பொறிக்கப்பட்ட எல்லைக் கோடு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் தண்டு முறியவோ குழாய் வெடிக்கவோ கூடும். கோடு அழிந்திருந்தால் குறைந்தது 7 சென்ரிமீற்றராவது உள்ளே இருக்கட்டும்.

ஆசன முனையை முன்சக்கரத்துக்கு நேராக்கி, நட்டை இறுக்கி, கையால் முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் கல்லடிப் பாலம் ஏறவே வேண்டாம்.